அப்பச்சிக்கு டிபிஎஸ் வச்சு ஏழு மாசம்: நடுக்கம் போச்சு, பேச்சு குழறுது. செட்டிங்கைக் கூட்டச் சொல்றதா குறைக்கச் சொல்றதா?

கோட்டையூர்_பட்டாலை:

வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துப் படிங்க.

எங்க அப்பச்சிக்கு, அதான் அப்பாவுக்கு, 66 வயசு. பார்க்கின்சன்ங்கற நடுக்குவாதம் வந்து 11 வருஷமாச்சு. முதல்ல வலது கை பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் காசு எண்ற மாதிரி ஆடும், பேரேடு எழுதுனா வரி முடியறதுக்குள்ள எழுத்து எள்ளு மாதிரி சிறுத்துரும், வயசாயிருச்சுன்னு விட்டுட்டோம். கடைசி ரெண்டு வருஷம் ரொம்ப மோசம். சின்டோபா மாத்திரை ஆறு வேளை. போட்டு முக்கா மணி நேரம் கழிச்சுதான் வேலை செய்யும், அப்பறம் ஒரு ஒன்றரை மணி நேரம் நடப்பாக சாப்பிடுவாக, அதுலயும் தலையும் தோளும் தானா நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், பிறகு கரண்டு போன ஃபேன் மாதிரி மெதுவா மெதுவா நின்னு கல்லாயிருவாக.

தை மாசம் மெட்ராஸ்ல டிபிஎஸ், அதாவது மூளைக்குள்ள கம்பி வச்சு கரண்டு விடற ஆபரேஷன், பண்ணோம். மூளையில ரெண்டு பக்கமும் எஸ்டிஎன்ங்கற இடத்துல கம்பி, காதுக்குப் பின்னாடி தோலுக்கடியில வயர் இறங்கி நெஞ்சுல காறை எலும்புக்குக் கீழ பேட்டரி டப்பா. ஒரு மாசம் கழிச்சு ஆன் பண்ணாக. டாக்டர் ரூம்லயே வலது கை அப்படியே நின்னுச்சு, ஆத்தா அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாக. மாத்திரை ஆறுலேருந்து ரெண்டு மாசத்துல ரெண்டா இறங்கிருச்சு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு.

இப்ப ஆவணி. நடுக்கம் இல்ல, நெளியறதும் இல்ல. ஆனா பேச்சு குழறுது, வாய்க்குள்ள அரிசியை வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி. சிங்கப்பூர்ல இருக்க எங்க ஆச்சி (அக்கா) போன் பண்ணா "அப்பச்சி என்ன சொல்றாகன்னே புரியல, ஆத்தாகிட்ட குடு"ங்குது. அதைக் கேட்டதுலேருந்து போன் அடிச்சாலே அப்பச்சி எந்திரிச்சுப் போயிடறாக. நடைல இன்னொரு கூத்து: முகப்புலேருந்து வளவு (நடு முற்றம்) வரைக்கும் நல்லா வருவாக, ரெண்டாங்கட்டுக்குப் போற நிலைப்படி வந்ததும் காலை ஆணி அடிச்ச மாதிரி நின்னுருவாக. உடம்பு முன்னாடி சாயும், கால் வராது. ஒருதடவை விழுந்து முழங்கை பேந்துருச்சு. 25 வருஷம் குன்றக்குடிலேருந்து பழனிக்கு நடந்து போன மனுஷன்.

இன்னொன்னும் இருக்கு, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சும்மாவே உக்காந்திருக்காக. பேப்பர் விரிக்கறதில்ல, கடைக்கணக்கு என்னாச்சுன்னு கேக்கறதில்ல. அழுகறதும் இல்ல, வருத்தமாவும் தெரியல. எதுலயும் ஒரு இது இல்ல.

ஒரு ரிமோட் குடுத்துருக்காக, டாக்டர் வச்ச வரம்புக்குள்ள நம்மளே கூட்டிக் குறைச்சுக்கலாமாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. போன்ல கேட்டா "வரும்போது பாத்துக்கலாம்"ங்கறாங்க. கூட்டச் சொல்றதா, குறைக்கச் சொல்றதா? இதே மாதிரி யாருக்காச்சும் ஆயிருக்கா?

கானாடுகாத்தான்_மருமக:

எங்க மாமியாவுக்கும் இதேதான் அண்ணே. நடுக்கம் நின்னு பேச்சு போச்சு. இடது பக்கம் கொஞ்சம் குறைச்ச உடனே பேச்சு வந்துச்சு, ஆனா கை லேசா ஆடும். ரெண்டும் வேணும்னு கேட்டோம், டாக்டர் சிரிச்சாரு. உங்களுக்கு ரிமோட் யார் கையில இருக்கு? முதல்ல அதைச் சொல்லுங்க.

சித்தன்_போக்கு:

மெஷின் கிஷின் எல்லாம் எதுக்குங்க, பூனைக்காலி விதைப் பொடி நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும், பால்ல கலந்து காலையும் ராத்திரியும் குடுங்க, ஒரு மண்டலத்துல எந்திரிச்சு ஓடுவாரு.

புதுவயல்_மில்லுக்காரன்:

தம்பி, நான் டாக்டர் இல்ல, நோயாளி. 2018-ல வச்சுக்கிட்டேன். அதனால உள்ளேருந்து எப்படி இருக்கும்னு சொல்ல முடியும், மத்ததை உங்க டாக்டர்தான் சொல்லணும்.

செட்டிங்னா என்னன்னு எனக்கு ஒரு நர்ஸம்மா சொன்னதை நான் எங்க ஊர் பாஷையில வச்சுக்கிட்டேன். எஸ்டிஎன்ங்கறது மொச்சைப் பயறு அளவுகூட வராத ஒரு வயல். கம்பி நுனியில வரிசையா மடை இருக்கு, அதுதான் கான்டாக்ட், பழைய கம்பில நாலு, புதுசுல நடு ரெண்டு வளையத்தையும் மூணு மூணாப் பிரிச்சு எட்டு. எந்த மடையைத் திறக்கறதுங்கறது முதல் முடிவு. எம்ஏங்கறது, மில்லிஆம்பியர், எவ்வளவு தண்ணி விடறதுன்னு, கூட்டக் கூட்ட பாயற வட்டம் பெருசாகும். அப்பறம் ஒவ்வொரு துடிப்பும் எத்தனை நேரம்ங்கறது ஒன்னு, பெரும்பாலும் 60 மைக்ரோசெகண்டு, நொடிக்கு எத்தனை துடிப்புங்கறது ஒன்னு, பெரும்பாலும் 130. 1987-ல பிரான்ஸ்ல கிரெனோபிள் ஊர்ல பெனபிட்ங்கற டாக்டர் மூளைக்குள்ள தலாமஸ்ங்கற இடத்துல ஆபரேஷனுக்காக கரண்டு விட்டுப் பாத்தப்ப நொடிக்கு நூறுக்குப் பக்கமா வேகம் வச்சா நடுக்கம் நிக்குதுன்னு கண்டாரு, அந்த வழியில வந்ததுதான் இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.

நம்ம வயலுக்கு மட்டும் பாஞ்சா விளையும். வரப்பு தாண்டி பக்கத்து வயலுக்குப் போச்சுன்னா சண்டைதான். பக்கத்துலயே வாய்க்கும் முகத்துக்கும் போற நரம்புக் கத்தை ஓடுது, அங்க கசிஞ்சா பேச்சு குழறும், வாய் ஒரு பக்கம் இழுக்கும். எனக்கு முதல் வருஷம் இதுதான். நடுக்கம் வந்துருமோன்னு பயந்து நானே ரிமோட்டை அமுக்கி அமுக்கி மேல ஏத்திட்டு, நாக்கு தடிச்சுப் போச்சுன்னு பல் டாக்டர்கிட்ட போனேன், எங்க வீட்ல இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

அதனால கேக்கறேன், டாக்டர் கடைசியா விட்டது எத்தனை எம்ஏ, இப்ப ரிமோட்ல எவ்வளவு காட்டுது? ரெண்டையும் எழுதுங்க.

இன்னொன்னு, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. கூட்டினதோட பலன் எல்லாம் ஒரே நேரத்துல தெரியாது. கை விறைப்பு அரை நிமிஷத்துல இளகும். நடுக்கம் சில நொடி, சில நிமிஷம். நடை அப்படி இல்ல, மணிக்கணக்கு ஆகும், சிலசமயம் நாள்கணக்கு. கால் ஒட்டிக்கிட்ட இடத்துல நின்னுக்கிட்டு ரிமோட்டை அமுக்கி "இப்ப வருதா, இப்ப வருதா"ன்னு கேட்டா ஒரு கணக்கும் தேறாது. இன்னைக்குக் கூட்டினதுக்கு நாளன்னைக்கு கால் ஒட்டும், நீங்க நேத்து சாப்பிட்ட உப்புக்கறி மேல பழி போடுவீங்க.

உப்புக்கறின்னதும் ஞாபகம் வருது. மாத்திரை இன்னும் ரெண்டு வேளை போடறாருல்ல, கறி, உளுந்து, பருப்புன்னு புரதம் கூடுன சாப்பாட்டோட சேத்துப் போட்டா மாத்திரை ஏறாது, ரெண்டுக்கும் உள்ள போற வாசல் ஒன்னுதான். அரை மணி நேரம் முன்னாடி வெறும் வயித்துல போடச் சொல்லுங்க. காலையில உளுந்துக் கும்மாயத்தோட மாத்திரை போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் கட்டையாக் கிடந்தது நான்.

கோட்டையூர்_பட்டாலை:

அண்ணே, நீங்க கேட்டதுக்கப்பறம்தான் பாத்தேன், கை நடுங்கிருச்சு. டாக்டர் குடுத்த சீட்டுல இடது மூளைக்கு 3.0, வலதுக்கு 2.6-னு இருக்கு, இடதுக்கு வரம்பு 2.6-லேருந்து 3.6. ரிமோட்ல இடது 3.6-ல நிக்குது.

ஆத்தாகிட்ட கேட்டேன். அப்பச்சி நிலைப்படியில நிக்கறப்பல்லாம் ஒரு அமுக்கு அமுக்குவாகளாம், "மேல அம்புக்குறி போட்டிருந்துச்சு, கூட்டுனா நல்லதுதானேப்பா"ங்கறாக. அமுக்குக்கு 0.1. அவுகளைத் திட்டவும் மனசு வரல. எங்க யாருக்குமே அந்தக் கருவியை உக்காந்து சொல்லித் தரல, டிஸ்சார்ஜ் பண்ற அவசரத்துல பைக்குள்ள வச்சுக் குடுத்துட்டாக.

இப்பவே நானே 3.0-க்கு இறக்கிரட்டுமா?

நியூரோ_பிஜி_மதுரை:

நான் நியூரோல மேற்படிப்புல இருக்கேன், உங்க அப்பாவை நேர்ல பாக்காம எந்த நம்பரையும் நான் சொல்லக் கூடாது. இறக்கறதுக்கு முன்னாடி உங்க டீமுக்கு ஒரு போன் போடுங்க, "பேச்சு குழறுது"ன்னு மட்டும் சொல்லாம "3.0 வச்சது 3.6 ஆயிருக்கு, விழுந்துருக்காங்க"ன்னு சொல்லுங்க. முதல்ல சொன்னதுக்கு வரும்போது பாக்கலாம்னாங்க, இதுக்கு அன்னைக்கே பதில் வரும். பழைய நம்பருக்கே போங்கன்னுதான் சொல்வாங்கன்னு நினைக்கறேன், அதையும் ஒரே அமுக்கா இறக்கச் சொல்வாங்களா படிப்படியாவான்னு அவங்களே சொல்லட்டும்.

மில்லுக்கார ஐயா சொன்ன வயல் கணக்கை எங்க வகுப்புல சொல்லிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும். அதுல நாலு வரப்பையும் சொல்லிடறேன். வெளிப்பக்கமும் முன்பக்கமும் கசிஞ்சா பேச்சு, முகம், கை இழுப்பு. பின்பக்கம் கசிஞ்சா எறும்பு ஊர்ற மாதிரி மதமதப்பு. உள்பக்கம் போனா கண் ஒரு பக்கம் திரும்பும், ரெண்டு ரெண்டாத் தெரியும். கீழ இறங்கினா மனசைத் தொடும், காரணமில்லாம சிரிக்கறவங்களும் உண்டு இடிஞ்சு போய் உக்காரறவங்களும் உண்டு. அதனால எந்தப் பக்கவிளைவு எந்த நம்பர்ல வருதுங்கறதே கம்பி எங்க நிக்குதுன்னு டாக்டருக்குக் காட்டற வரைபடம். மறைக்காமச் சொல்லுங்க.

அடுத்த விசிட்ல என்ன நடக்கும்னா, பெரும்பாலும் முந்தின ராத்திரிலேருந்து மாத்திரை போடாம வரச் சொல்வாங்க, அப்பதான் மெஷின் என்ன செய்யுது மாத்திரை என்ன செய்யுதுன்னு பிரிச்சுப் பாக்க முடியும். ஒவ்வொரு கான்டாக்ட்டா எடுத்து, 0.5 0.5-ஆ ஏத்தி, எங்க பலன் தொடங்குது, எங்க தொந்தரவு தொடங்குதுன்னு குறிப்பாங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்க இடைவெளி எந்த கான்டாக்ட்ல அகலமோ அதுதான் நமக்கு. ஒரு மணி ரெண்டு மணி நேரம் ஆகும், அப்பாவுக்குக் களைச்சுப் போகும், பிஸ்கட் தண்ணி எடுத்துட்டுப் போங்க.

பேச்சுக்காக செய்யறது பல வழி. எம்ஏவைக் குறைக்கறது, ஒரு கான்டாக்ட் மேல ஏறறது, துடிப்பு நேரத்தை 60-லேருந்து 40, 30-னு சுருக்கறது, கம்பி புது வகைன்னா தொந்தரவு பக்கம் பாக்கற துண்டை மட்டும் மூடறது. பேச்சுல பெரும்பாலும் இடது பக்கம்தான் சிக்கல் பண்ணும். நடை ஒட்டிக்கறதுக்கு சிலருக்கு 130-ஐ 80, 60-னு இறக்கிப் பாப்பாங்க, சிலருக்குக் கேக்கும், சிலருக்கு நடுக்கம் திரும்ப வந்துரும், கேட்டவங்கள்லயும் கொஞ்ச மாசத்துல பலன் தேய்ஞ்சு போறது உண்டு.

சும்மா உக்காந்திருக்காருன்னு சொன்னீங்களே, பேச்சைவிட எனக்கு அதுதான் உறுத்துது. ஆறு வேளை ரெண்டு வேளையா ரெண்டே மாசத்துல இறங்கினது வேகம். எஸ்டிஎன்ல வச்சா மாத்திரை மூணுல ஒரு பங்குலேருந்து பாதி வரைக்கும் குறையறது வழக்கம், உங்களுக்கு அதுக்கும் மேல குறைஞ்சிருக்கு. மாத்திரை மூளைக்குக் குடுக்கற டோபமின்ங்கற ரசாயனம் திடீர்னு குறைஞ்சா எதுலயும் பிடிப்பு இல்லாமப் போகும், அது சோம்பேறித்தனமும் இல்ல, கோபமும் இல்ல. இதை டாக்டர்கிட்ட தனியா ஒரு விஷயமா எடுத்துச் சொல்லுங்க, நடை பேச்சுன்னு பேசிட்டு எந்திரிக்கும்போது வாசல்ல நின்னு சொல்லாதீங்க. நாங்க அதுக்குள்ள அடுத்த ஃபைலைத் திறந்துருப்போம்.

பூனைக்காலி சொன்னவருக்கு: அதுல இருக்கறதும் லெவோடோபாதான், நீங்க சின்டோபாவுல முழுங்கற அதே சரக்கு. எத்தனை மில்லிகிராம்னு தெரியாத மாத்திரையை, மாத்திரையைக் குறைச்சுட்டு இருக்க ஆளுக்குக் குடுக்கச் சொல்றீங்க. செட்டிங் பாத்துக்கிட்டு இருக்க சமயத்துல அதைச் சேத்தா யாருக்கும் எதுவும் புரியாது.

சித்தன்_போக்கு:

நல்லதைச் சொன்னேன். கேக்கறவங்க கேளுங்க.

தேவகோட்டை_பிசியோ:

நிலைப்படி விஷயத்துக்கு நான் வர்றேன். பார்க்கின்சன்ல வாசப்படி, குறுகலான நடை, திரும்பற இடம் இந்த மூணுலதான் கால் ஒட்டும். நம்ம பக்கத்து வீடுகள்ல மூணும் கட்டுக்குக் கட்டு இருக்கு! ஆனா மருந்தும் நம்ம வீட்டுத் தரையிலயே இருக்கு. உங்க வீட்ல பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லுதானே? கோடு கண்ணுக்குத் தெரிஞ்சா கால் தானா வரும், மூளை வேற வழியில நடையை எடுத்துக்கும். நிலைக்கு நாலு கல் முன்னாடிலேருந்து ஒரு பூவை விட்டு அடுத்த பூவுல காலை வைக்கச் சொல்லுங்க. பூ சின்னதா இருந்து குழப்பினா குறுக்க கலர் டேப் ஒட்டுங்க, ஒரு அடி இடைவெளியில, நிலைக்கு அந்தப் பக்கமும் ரெண்டு கோடு. அந்தப் பக்கம் ஒட்டலைன்னா பிரயோஜனம் இல்ல, கண்ணு படியிலயே நின்னுரும்.

ஒட்டிக்கிட்ட நேரத்துல கையைப் புடிச்சு இழுக்கவே இழுக்காதீங்க, விழுவாரு. நின்னு, மூச்சு விட்டு, இடம் வலம்னு உடம்பை லேசா ஆட்டி எடையை ஒரு கால்ல போட்டுட்டு மத்த காலைத் தூக்கச் சொல்லுங்க. பழனிக்கு நடந்தவர்னீங்க, அரோகராவுக்கு ஒரு அடி வைக்கச் சொல்லிப் பாருங்க, தாளம் கிடைச்சா கால் வரும். திரும்பும்போது நின்ன இடத்துலயே திரும்பாம வட்டம் போட்டுத் திரும்பணும், வளவுல இடத்துக்கா பஞ்சம்.

முக்கியமா ஒன்னு. தோள்வலி முதுகுவலின்னு எந்த பிசியோகிட்ட போனாலும் உள்ள நுழையும்போதே மூளையில கம்பி இருக்குன்னு சொல்லணும். டயதெர்மின்னு சூடு வைக்கற மெஷின், ஷார்ட்வேவோ அல்ட்ராசவுண்டோ, உடம்புல எந்த இடத்துலயும் வைக்கக் கூடாது, மெஷினை ஆஃப் பண்ணிட்டுக்கூட வைக்கக் கூடாது. அந்தச் சூடு கம்பி வழியா மூளைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். எங்கிட்ட ஒரு பாட்டி வந்து ரெண்டாவது நாள்தான் "தலையில ஏதோ வச்சுருக்காங்கப்பா"ன்னாங்க. நல்லவேளை முதல் நாள் வெறும் உடற்பயிற்சியோட விட்டேன். அன்னைலேருந்து வாசல்லயே போர்டு எழுதி வச்சுட்டேன்.

புதுவயல்_மில்லுக்காரன்:

பிசியோ தம்பி சொன்னதோட என் பங்கு ரெண்டு.

ஊரணி, கிணறு, கம்மாய் பக்கம் தனியா விடாதீங்க. நல்லா நீச்சல் தெரிஞ்சவங்க டிபிஎஸ் வச்சதுக்கப்பறம் தண்ணியில இறங்கினா கையும் காலும் சேந்து வராமத் தவிச்சதை 2019-ல சூரிச் டாக்டர்கள் எழுதிருக்காங்க, ஒன்பது பேர். நான் சின்னப்பிள்ளையிலேருந்து ஊரணில குதிச்சவன், இப்ப படித்துறையில உக்காந்து சொம்பால ஊத்திக்கறதோட சரி.

பேட்டரி என்ன வகைன்னு கேட்டு வச்சுக்கங்க. சார்ஜ் போடாத வகைன்னா மூணு வருஷம் அஞ்சு வருஷம், எம்ஏ கூடக் கூட சீக்கிரம் தீரும், சார்ஜ் போடற வகைன்னா பதினஞ்சு வருஷத்துக்கும் மேல வரும் ஆனா மறக்காம சார்ஜ் போடணும். என்னுது சார்ஜ் போடாதது. அஞ்சாவது வருஷம் ஒரு மார்கழிக் காலையில கண்ணு முழிச்சேன், திரும்பிப் படுக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, பக்கவாதம்னு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. அங்க ஈசிஜி எடுத்தவர் "இன்னைக்குத்தான் கோடு சுத்தமா வருது"ன்னாரு, முன்னாடியெல்லாம் இந்த மெஷின் துடிப்பு குறுக்க வந்து கோடெல்லாம் ரம்பமா இருக்கும். அதுலதான் என் பிள்ளைக்குப் பொறி தட்டுச்சு. ரிமோட் மூணு வாரமா எச்சரிக்கை காட்டிருக்கு, நான் அதை டிவி ரிமோட்டோட சேத்து அலமாரில போட்டு வச்சிருந்தேன்.

தம்பி, ஒரு நோட்டு போடுங்க. பேரேடு எழுதின வீட்ல சொல்லித் தர வேண்டியதில்ல. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், எம்ஏ எவ்வளவு, பேச்சு எப்படி, நடை எப்படி, விழுந்தாரா. அரை மணிக்கு ஒன்னுன்னு மூணு நாள் போதும். ரிமோட்டை அமுக்கினா அதையும் எழுதணும், யார் அமுக்கினாங்கன்னும் எழுதணும். பேச்சை போன்ல வீடியோ எடுங்க, ஏன்னா டாக்டர் முன்னாடி போய் உக்காந்தா நமக்கு வர்ற பேச்சே வேற, நானெல்லாம் அங்க போய் மேடைப் பேச்சு பேசுவேன், வீட்டுக்கு வந்தா ஊமை.

கானாடுகாத்தான்_மருமக:

அந்த மேடைப் பேச்சு உண்மை. மாமியா டாக்டரைப் பாத்ததும் புடவையைச் சரி பண்ணிக்கிட்டு மடமடன்னு நடந்து காமிச்சாங்க, "ஒன்னும் குறையில்லையே"ன்னு அனுப்பிட்டாரு.

கோட்டையூர்_பட்டாலை:

26 நாள் கழிச்சு வர்றேன், யாரும் மறந்துருக்க மாட்டீங்கன்னு நினைக்கறேன்.

அன்னைக்கே போன் போட்டேன். 0.6 ஏறியிருக்குன்னதும் அங்க குரலே மாறிருச்சு. ரெண்டு நாள்ல படிப்படியா 3.0-க்கு இறக்கச் சொன்னாக. இறக்குனோம். மூணாம் நாள் ஆச்சி போன் பண்ணுச்சு, முழுசாப் புரியலன்னாலும் பாதி புரியுதுன்னுச்சு. பெருவிரல் மட்டும் லேசா ஆட ஆரம்பிச்சுச்சு.

நோட்டு போட்டோம். ஆத்தாதான் எழுதுனாக, பற்று வரவு கோடு கிழிச்சு, பற்றுல தொந்தரவு, வரவுல நல்லா இருந்த நேரம். ரெண்டாம் பக்கம் படிக்கறப்பவே ஒன்னு தெரிஞ்சுச்சு, காலை மாத்திரையை ஆத்தா பலகாரத்தோடதான் குடுத்துருக்காக, இட்லி சாம்பாரோட. அதை மாத்துனதுலயே காலை நேரம் கொஞ்சம் தெளிஞ்சுச்சு.

விசிட்டுக்கு முதல் நாளே பல்லவன் ரயில்ல போய்ச் சேந்து சொந்தக்காரவுக வீட்ல தங்கிட்டோம், மாத்திரை இல்லாம காலையில காரைக்குடிலேருந்து கெளம்பிப் போறதெல்லாம் நடக்காத காரியம். டாக்டர் நோட்டை வாங்கி ஒரு பத்து நிமிஷம் ஒன்னும் பேசாமப் படிச்சாரு. அப்பறம் ஒன்னொன்னா ஏத்திக்கிட்டே மாசப் பேரைச் சொல்லச் சொன்னாரு. இது வரைக்கும் ஓடிக்கிட்டு இருந்த மடையில 2.5 வரைக்கும் சித்திரை வைகாசி ஆனி எல்லாம் வந்துச்சு, 3.0-ல "கார்த்திகை"ல நாக்கு சிக்குச்சு, 3.5-ல வலது கடைவாய் இழுத்து "மார்கழி" மாகழியாப் போச்சு. ஒரு மடை மேல ஏறி, அதுலயும் வெளிப்பக்கம் பாக்கற துண்டை மூடிட்டு விட்டாரு, 3.5 வரைக்கும் பங்குனி முடிஞ்சு மறுபடி சித்திரைக்கு வந்துட்டாக. நானும் ஆத்தாவும் கூடவே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தோம். இடது 2.7-ல விட்டாரு. வரம்பு மேல கீழ 0.2 மட்டும்.

மாத்திரை ரெண்டு மூணாச்சு, ஒவ்வொன்னுலயும் அரையைக் கூட்டி. சும்மா உக்காந்திருக்கறதை முதல் விஷயமாச் சொன்னேன், அதுக்குத்தான் இதுன்னாரு. 130-ஐ 80 ஆக்கலாமான்னு கேட்டேன், ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்துனா எது வேலை செஞ்சுச்சுன்னு நமக்கே தெரியாது, அடுத்த தடவைன்னுட்டாரு. நடையைப் பத்தி நேராவே சொல்லிட்டாரு: ஆபரேஷனுக்கு முன்னாடி மாத்திரை உச்சத்துல இருந்தப்பவும் நிலைப்படியில நின்னாகளான்னு கேட்டாரு, ஆமா சிலசமயம்னோம், அப்ப மாத்திரைக்குக் கேக்காத அந்தப் பங்கு மெஷினுக்கும் கேக்காதுன்னாரு. கஷ்டமா இருந்துச்சு, ஆனா ஏழு மாசமா இதை எங்ககிட்ட யாரும் சொல்லலையே.

நிலைக்கு ரெண்டு பக்கமும் மஞ்சள் டேப் ஒட்டிருக்கு. ஆத்தாவுக்கு அது பிடிக்கல, கல்லுல பசை ஏறுமாம், ஆனா அப்பச்சி பத்துல ஏழு தடவை நிக்காமத் தாண்டிடறாக. அரோகரா இல்லாம.

பெருவிரல் ஆடுது. நான்தான் மனசு கேக்காம "கொஞ்சம் கூட்டிக்கலாமா அப்பச்சி, 0.1"ன்னேன். "ஆடிட்டுப் போகுது விடு. ஆச்சிக்கு போன் போடு"ன்னாக.

இப்ப ஒரு சந்தேகம். ஆச்சி மகளுக்கு ஐப்பசியில திருப்பூட்டு (கல்யாணம்), எங்க வீட்லதான். வளவுல மைக்செட்டு, நாதஸ்வரம், பெரிய பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் இருக்கும். அதுல இருக்க காந்தம் மெஷினை ஒன்னும் பண்ணாதா? சமையலுக்கு வர்றவுக இண்டக்‌ஷன் அடுப்பும் கொண்டு வருவாகளாம்.

புதுவயல்_மில்லுக்காரன்:

பழைய டப்பாவெல்லாம் பெரிய காந்தம் பக்கத்துல வந்தா ஆஃப் ஆகறது உண்டு, புதுசுல அந்தத் தொல்லை குறைவு. இருந்தாலும் ஸ்பீக்கர் பாக்ஸ்ல சாஞ்சு உக்கார வைக்காதீங்க, அடுப்புக்கும் பாக்ஸுக்கும் ரெண்டு மூணடி தள்ளியே இருக்கட்டும். நாற்காலியைப் பட்டாலையில போடுங்க, வர்றவங்க எல்லாரையும் அங்கேயே பாத்துக்கலாம், நிலைப்படி தாண்டற வேலையும் இல்ல. ரிமோட் உங்க சட்டைப் பையில இருக்கட்டும், திடீர்னு கை பழைய மாதிரி ஆடுச்சுன்னா முதல்ல ஆன்ல இருக்கான்னு பாருங்க. அன்னைக்குப் பந்தி எப்ப நடக்கும்னு யாருக்கும் தெரியாது, மாத்திரை நேரத்துக்கு போன்ல அலாரம் வச்சுருங்க.

கல்யாணச் சாப்பாட்டுல கவுனி அரிசி உண்டா? உண்டுன்னா எனக்கும் ஒரு பத்திரிகை.